ஆசிட் தொட்டியைச் சூடாக்கிய வருடம்

நான் பத்தாவது படித்த வருடம் அம்மா மூக்கண்டப்பள்ளியில் ஒரு சின்ன பிளேட்டிங் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வண்டிக் கம்பெனிகளுக்குப் போகிற போல்ட்டு, கிளாம்பு போன்ற சாமான்களுக்குத் துத்தநாக முலாம் பூசித் தரும் இடம் அது. முலாம் பூசுவதற்கு முன் இரும்பிலிருக்கும் துருவை எடுத்தாக வேண்டும். அதுதான் அம்மாவின் வேலை. சாமான்களைக் கூடையில் அள்ளி ஆசிட் தொட்டியில் இறக்குவாள். துரு கரைந்ததும் தூக்கி, தண்ணீரில் அலசி, முலாம் தொட்டிக்கு அனுப்பிவிடுவாள். மின்பகுளிக் கரைசல் என்று எங்கள் புத்தகம் சொன்னதை அவள் 'கரண்டு ஓடுற தண்ணி' என்பாள். அதில் உப்பு குறைந்தால் முலாம் பிடிக்காது என்பதும், கரண்ட் கூடினால் ஓரம் கருகிவிடும் என்பதும் அவளுக்குத் தெரியும். புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

ஆசிட் தொட்டி வேலையில் அவளோடு இன்னொருவரும் இருந்தார். பாகலூர் பக்கத்திலிருந்து வருகிற, வீட்டில் தெலுங்கு பேசுகிற ஒரு அக்கா. ஒரு நாளைக்குக் கொடுக்கிற முப்பது கூடைகளையும் இருவரும் முடித்தால்தான் கிளம்பலாம் என்பது ஏற்பாடு.

வெயில் காலத்தில் சாயங்காலம் ஆறு மணிக்கே வந்துவிடுகிற அம்மா, மார்கழி பிறந்ததும் ராத்திரி எட்டு மணிக்கு வர ஆரம்பித்தாள். ஓசூர்க் குளிரில் ஆசிட்டும் மந்தமாகிவிடும். கால் மணி நேரத்தில் போகிற துரு அரை மணியானாலும் போகாது. “ஆசிட்டு தூங்குது பாப்பா, எழுப்பவே முடியல” என்று சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றுவாள். அப்பா லாரியோடு போனால் திரும்பப் பத்து நாளாகும். தண்ணீர் பிடிப்பது, சோறு வடிப்பது, மூன்றாவது படிக்கும் தம்பியை உட்கார வைத்து எழுதச் சொல்வது எல்லாம் என் தலையில் விழுந்தன. பரீட்சை வருகிற நேரத்தில் அம்மா சீக்கிரம் வரக்கூடாதா என்று தினமும் முனகினேன். அவளுடைய அலுப்பைவிட என்னுடைய அலுப்புதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

அப்போதுதான் பள்ளிக்கூடத்தில் வினைவேகம் நடத்தினார்கள். டீச்சர் இரண்டு சோதனைக் குழாய்களில் ஆசிட் எடுத்து, ஒன்றை மட்டும் வெந்நீரில் வைத்து, இரண்டிலும் ஒரே அளவு மெக்னீசியம் நாடாவைப் போட்டார். சூடான குழாயில் நாடா நுரைத்துக் காணாமல் போனது. குளிர்ந்த குழாயில் அது சாவகாசமாகக் கரைந்துகொண்டிருந்தது. வகுப்பில் மற்றவர்களுக்கு அது ஐந்து மதிப்பெண் கேள்வி. எனக்கு மட்டும் அம்மாவை ஆறு மணிக்கு வீட்டுக்கு வரவைக்கும் வழி தெரிந்துவிட்டது.

அன்று ராத்திரி அம்மாவிடம் படம் போட்டு விளக்கினேன். சுவரில் சாய்ந்தபடி கண்ணை மூடிக் கேட்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“சூடு பண்ணா பொகை வருமே. அதுக்கு உங்க புக்குல இன்னா போட்டிருக்குது?”

“அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா” என்றேன்.

இரண்டு நாள் யோசித்திருப்பாள் போல. தொட்டியில் அளவு குறைந்தால் காலையில் தண்ணீர் விட்டு, புது ஆசிட் சேர்ப்பது வழக்கம். அந்தத் தண்ணீரைக் காய்ச்சி விட்டிருக்கிறாள். அன்று ஆறு மணிக்கெல்லாம் வீட்டில் இருந்தாள். ஒரு வாரம் அப்படியே வந்தாள். தம்பிக்கு அவளே தலை வாரினாள். ஒருநாள் வழியில் போண்டா வாங்கி வந்து, மூன்று பேரும் வாசலில் உட்கார்ந்து தின்றோம்.

வேலை சீக்கிரம் முடிவதை சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். எப்படி என்று கேட்டிருக்கிறார். அம்மா மறைக்கவில்லை. மகள் சொன்னாள் என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறாள். “உன் பொண்ணு இஞ்சினியர்தாம்மா” என்றாராம். அடுத்த வாரம் தொட்டிக்குள் ஆசிட் தாங்குகிற ஹீட்டர் இறங்கியது. என்னால் ஒரு கம்பெனியே மாறிவிட்டது என்று நான் வகுப்பில் சொல்லித் திரிந்தேன்.

மாறத்தான் செய்தது. முப்பது கூடை ஐம்பதானது. ஐம்பதை முடிக்க ஒரு ஆள் போதும் என்று பாகலூர் அக்காவை நிறுத்திவிட்டார்கள். அம்மா மறுபடியும் எட்டு மணிக்கு வந்தாள். தூங்குகிற ஆசிட்டுக்குப் போதுமாயிருந்த ஒற்றை ஃபேன், கொதிக்கிற ஆசிட்டின் புகைக்குப் போதவில்லை. அம்மா இருமிக்கொண்டே படியேறுவாள். கண் சிவந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் பல் கூசுகிறது என்று அதையும் சுடவைத்துக் குடித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் அந்த அக்காவைப் பார்த்தேன். ஓடிப்போய்ப் பேசினேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா படி கண்ணு” என்றார். கையிலிருந்த பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் போய்விட்டார். வேறு நல்ல வேலை கிடைத்திருக்கும், அவசரமாகப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்று நானும் ஒரு கம்பெனி லேபில் கரைசல்களின் செறிவை அளந்து எழுதுகிறேன். சூடேறினால் எந்த ஆசிட் எவ்வளவு புகையும், அதை மூச்சில் இழுப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் சுவரில் தொங்கும் அட்டையில் இருக்கிறது. அம்மா அந்தத் தொட்டியருகே இன்னும் நான்கு வருடம் நின்றாள். நீ சொல்லித்தானே என்று ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை.

அந்தப் பத்தாவது பரீட்சைக்கு முந்தைய வாரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் அம்மா பாயில் படுத்திருந்தாள். ஈரத்துணியைக் கண்மேல் போட்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தேன். துணியை எடுக்காமலே கேட்டாள்.

“பாப்பா, வேகமாக்கறதுக்குச் சொன்னியே, அத மறுபடி மெதுவாக்கறதுக்கு எதாச்சும் இருக்குதா?”

இருக்கிறது என்றேன் உற்சாகமாக. வெப்பநிலையைக் குறைக்கலாம், செறிவைக் குறைக்கலாம், புறப்பரப்பைக் குறைக்கலாம் என்று விரல் மடக்கி, ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். முழுவதையும் கேட்டாள். “நல்லாப் படிச்சிருக்க” என்று சொல்லி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அவ்வளவு களைப்பிலும் அம்மா எனக்குக் கேள்வி கேட்டுப் பாடம் சரிபார்க்கிறாள் என்று நினைத்தேன். தம்பியிடம் போய் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.