இன்னும் ஒரு கதவு

நான் மோர்னிங்சைட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்டில், நிலமட்டத்துக்குக் கீழே இருந்த அறையில் குடியிருந்தபோது, மோர்மன் சபை ஊழியத்துக்கு வந்த இரண்டு வெள்ளைக்கார இளைஞர்கள் எங்கள் தெருவில் வீடு வீடாகத் தட்டித் திரிந்தார்கள். நெட்டையானவர், எந்தக் குளிரிலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் கதவைத் தட்டுவார். கதவு திறக்காது. தொப்பியை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்.

எனக்குக் கடவுள் யோசனை குறைவு. ஆனால் வேலை கேட்டுப் பல கதவுகளைத் தட்டியவன். அவர்கள் என் கதவையும் தட்டியபோது உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன்.

"மன்னிக்கவும் அண்ணை, எங்கள் சபையில் நாங்கள் தேநீர் குடிப்பதில்லை," என்றார் நெட்டையானவர், பாடமாக்கிய தமிழில்.

"அப்ப சுடுதண்ணி குடியும். உந்தக் குளிருக்கை ஏன் அலையிறீர்? வீட்டை போமன்."

"இன்று காலையில் ஊருக்கே திரும்பிப் போக நினைத்தேன். அம்மாவுக்குப் போனில் சொல்லவும் இருந்தேன். பிறகு, இன்னும் ஒரு கதவு மட்டும் என்று ஜெபித்தேன்."

கூட வந்தவர் சிரித்தார். "எல்லாக் கதவிலும் இதைத்தான் சொல்கிறான்."

"நான் உங்கடை சபைக்கு வரமாட்டன், தம்பி."

"பரவாயில்லை. திறந்தீர்களே."

சுடுதண்ணீரை ஊதிக் குடித்துவிட்டுப் படியேறினார்கள். என் சன்னலில் தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டுமே தெரியும். நெட்டையானவருடைய சப்பாத்துகள் பஸ் தரிப்புப் பக்கம் போகுமென்று பார்த்திருந்தேன். எதிர்வீட்டுப் படியில் ஏறி நின்றன. தொப்பியைக் கழற்றியிருப்பார்.