ஆடியில் வாங்கிய முகவரி

மன்னித்துவிடு என்று எனக்கு அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் அன்று பம்மலில் அந்தக் கம்பெனிக்குள் நின்றவர்கள் இல்லை. நின்றிருந்தால் சொல்ல வாய் வராது.

பை தைக்கிற கம்பெனி அது. லேப்டாப் பை, ஆபீஸ் பை, தீபாவளிக்கு ஓ.எம்.ஆர். பக்கத்து கம்பெனிகள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பை. கீழே மெஷின்கள் ஓடும். மாடியில் ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், நான். பையைப் படம் எடுப்பது, கம்பெனிகளுக்கு மெயில் எழுதுவது, பதில் வந்தால் பேசி ஆர்டரை முடிப்பது என் வேலை. தாம்பரத்தில் வீடு. பல்லாவரத்தில் இறங்கி ஷேர் ஆட்டோவில் நசுங்கிக்கொண்டு போய்ச் சேருவேன். வருஷக்கணக்காக அப்படித்தான்.

முதலாளி நாள் பார்க்கிற ஆள். அதில் ஒன்றும் தப்பில்லை, எங்கள் வீட்டிலும் பார்ப்போம். ஆனால் இந்த ஆள் மெயில் அனுப்பவும் நேரம் பார்ப்பார். காலண்டரைக் கிழிக்கும்போதே நல்ல நேரத்தைக் குறித்துக்கொண்டு, என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "இப்ப அமுக்கும்மா" என்பார். அமுக்கினால் இருக்கிற எல்லாக் கம்பெனிக்கும் ஒரே அடியில் போயாக வேண்டும். அப்படி மொத்தமாகக் கொட்டினால் எதிர்ப்பக்கம் சந்தேகப்பட்டு ஸ்பேம் என்கிற குப்பைப் பெட்டியில் தள்ளிவிடும் என்று சொன்னால் காதில் வாங்க மாட்டார். அதனால் அவர் கண்ணெதிரே கொஞ்சம் பேருக்கு அனுப்பிவிட்டு, அவர் படி இறங்கியதும் மிச்சத்தைப் பிரித்துப் பிரித்து அனுப்புவேன். ஆர்டர் வரும். பார்த்தாயா, நேரம் அப்படி என்று மீசையைத் தடவிக்கொள்வார். நானும் வாயை மூடிக்கொண்டிருப்பேன்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். மெயிலின் அடியில் 'தொடர்புக்கு' என்று என் பெயரைப் போடட்டுமா என்றேன். நான் எழுதுகிற மெயில், நான் பேசுகிற ஆர்டர். "நல்ல நாள் பாத்து சொல்றேம்மா" என்றார். அடுத்த தடவை கேட்டபோதும் அதே பதில். அந்த நல்ல நாள் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

கேளம்பாக்கத்தில் ஒரு பெரிய கம்பெனி. அங்கே சாமான் வாங்கும் பொறுப்பில் இருக்கும் மேடம் ஒருநாள் முதலாளிக்குப் போன் செய்து, இந்த மெயில்களை எழுதுவது யார், தெளிவாக இருக்கிறது, இனி அவரோடே பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். நல்ல வார்த்தைதான் சொன்னார். அது அந்த ஆளுக்குப் பொறுக்கவில்லை. டீ நேரம் பார்த்து என்னைக் கீழே கூப்பிட்டார். எல்லார் கையிலும் டம்ளர்.

"இன்னாமா, உன் எழுத்தைப் பாத்தா ஆர்டர் வருது? என் பேரைப் பாத்து வருது. உன் பேர்ல அனுப்பிப் பாரேன், நேரா குப்பைத்தொட்டிக்குத்தான் போவும்."

எல்லாரும் சிரித்தார்கள். பிழைப்பு அங்கே ஓடுகிறது, சிரிக்காமல் என்ன செய்வார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. தோல் வெட்டித் தைக்கும் மாஸ்டர், நாங்கள் பாய் என்று கூப்பிடுகிறவர். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அந்த வாரமே பாயும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார். நான் கூப்பிடவில்லை. பம்மலிலேயே ஒரு சந்தில் அறை எடுத்து, பழைய மெஷின் இரண்டைப் போட்டு, நாங்களே தொடங்கினோம்.

முதல் தீபாவளி நாசமாகப் போனது. எனக்குத் தெரிந்த அத்தனை கம்பெனிக்கும் என் சொந்த இலவச மெயில் ஐடியிலிருந்து எழுதினேன். ஒரு பதில்கூட இல்லை. அந்த ஆள்தான் ஊரெல்லாம் என்னைப் பற்றித் தப்பாகச் சொல்லி வைத்திருக்கிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். ஸ்கூல் பை தைத்து, ஜிப் மாற்றிக் கொடுத்து வருஷத்தை ஓட்டினோம். இன்னொரு தீபாவளி இப்படிப் போனால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். நான் எங்காவது வேலைக்குப் போய்விடுவேன். பாய்க்கு வேறு இடம் கிடையாது, திரும்ப அந்த ஆள் முன்னால் போய்த்தான் கைகட்டி நிற்க வேண்டும். அதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

ஆனி வெயிலில் கேளம்பாக்கத்துக்கு நேரிலேயே போனேன். மேடம் என்னைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். இந்தத் தொழிலையே விட்டுவிட்டேன் என்று நினைத்தாராம். மெயிலே வரவில்லையே என்றார். மாதாமாதம் அனுப்பினேனே மேடம் என்றேன். தேடிப் பார்த்தார். ஸ்பேம் ஃபோல்டரில் வரிசையாகக் கிடந்தன என் மெயில்கள். மேலே லாட்டரிப் பரிசு, கீழே வழுக்கைக்கு மருந்து, நடுவில் நான். இது மோசடியாக இருக்கலாம் என்று சிவப்பில் ஓர் எச்சரிக்கை வேறு.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. அவர் இன்பாக்ஸுக்குத் திரும்பியபோது அந்த ஆளின் மெயில் கண்ணில் பட்டது. படிக்கலாமா என்று கேட்டேன். என் வாக்கியங்கள். ஒரு காற்புள்ளிகூட மாறவில்லை. படத்தில் பையின் வாரைப் பிடித்திருப்பது பாயின் கை, ஓரத்தில் தெரிவது என் துப்பட்டா. அதே எழுத்து அவன் பேரில் போனால் நடுவீட்டில் உட்காருகிறது, என் பேரில் போனால் குப்பையில் விழுகிறது.

மேடம்தான் தண்ணீர் கொடுத்து விஷயத்தைச் சொன்னார். "ஃப்ரீ ஐடில இருந்து மொத்தமா அனுப்பினா எங்க சிஸ்டம் வடிகட்டிடும். சொந்தமா டொமைன், அதாவது உங்க கம்பெனி பேர்லயே ஒரு இணைய முகவரி வாங்கி, வெரிஃபை பண்ணிட்டு அனுப்புங்க."

வண்டலூர் வழியாகத் தாம்பரம் வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்: அவன் சொல் பலித்ததை நான் பொய்யாக்குகிறேன், அதையும் அவன் கண்ணால் பார்ப்பான்.

பெயர் யோசித்து முடிப்பதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் யாராவது புதிதாக ஒன்று தொடங்குவார்களா? இவ்வளவு பேசுகிற எனக்கே பணம் கட்டும் பட்டன் மேல் கை நின்றது. பாய் எட்டிப் பார்த்தார்.

"எங்களுக்கு ஏதும்மா ஆடி? அமுக்குங்க."

அமுக்கினேன்.

முகவரியை வாங்கினால் மட்டும் போதாது. அதன் செட்டிங்ஸில் போய் மூன்று வரி சேர்க்க வேண்டும். என் பேரில் இந்தச் சேவை வழியாகத்தான் மெயில் வரும் என்று ஒன்று. இதுதான் என் முத்திரை என்று ஒன்று. இவை இரண்டும் ஒத்துவராமல் என் பேரில் எது வந்தாலும் ஏற்காதே என்று ஒன்று. மெயில் அனுப்பும் சேவை அந்த வரிகளைத் தேடிப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை டிக் போடும். எனக்குப் போடவில்லை. திரும்பத் திரும்ப அமுக்கியும் சிவப்புதான். அப்புறம்தான் தெரிந்தது, வரியை எழுதும் பெட்டியில் முகவரியின் முன்பகுதியை மட்டும் போட்டால் மிச்சத்தை அதுவே ஒட்டிக்கொள்ளுமாம். நான் முழுசாகப் போட்டு வைத்ததில் முகவரி இரண்டு தடவை ஒட்டி நின்றிருக்கிறது. அதைத் திருத்திவிட்டு, மறுநாள் கடையைத் திறந்ததும் பார்த்தேன். மூன்று வரிக்கும் பச்சை. இந்தா வாங்கிக்கோ என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். யாரை என்று பாய் கேட்கவில்லை.

உடனே எல்லாருக்கும் அனுப்பக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன். புதிதாகக் குடிவந்தவரைத் தெருவில் ஒரே நாளில் நம்பிவிட மாட்டார்கள், மெயில் முகவரியும் அப்படித்தான். முதலில் என்னை நன்றாகத் தெரிந்த சிலருக்கு மட்டும் அனுப்பி, ஒரு வரியாவது பதில் போடுங்கள் என்று போனில் கேட்டுக்கொண்டேன். கேளம்பாக்கத்து மேடம் பழையதையெல்லாம் ஸ்பேமிலிருந்து எடுத்துவிட்டார். ஆவணி முழுக்க, புரட்டாசி முழுக்க, வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினேன். ஒவ்வொரு மெயிலின் அடியிலும் என் பெயர்.

இதற்கிடையே அந்த ஆளுக்கு ஆர்டர் இறங்கிக்கொண்டு வந்தது. பிரித்து அனுப்ப அங்கே ஆள் இல்லை. ஜோசியரிடம் போயிருக்கிறார். கம்பெனிப் பெயரை மாற்று என்று அவர் சொல்ல, புது போர்டு ஏறியது. நூல் கடைக்காரர் எங்களுக்கு நூல் கொடுக்கும்போது மிச்சத்தையும் சொன்னார். பழைய வெப்சைட் போச்சாம். புதுப் பேரில் புதுசாக வாங்கி, விஜயதசமி அன்று நல்ல நேரத்தில் எல்லாக் கம்பெனிக்கும் ஒரே நேரத்தில் தீபாவளி மெயில் போகிறதாம்.

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. நேற்று வாங்கிய டொமைன். நல்ல நாள் பார்க்கத் தெரிந்த ஆளுக்கு அந்த மூன்று வரி தெரியாது. அதில் மொத்தப் பட்டியலையும் ஒரே அடியில் கொட்டப்போகிறார். ஒரு போன் போட்டிருந்தால் தடுத்திருக்கலாம். போடவில்லை. ஆயுத பூஜைக்குப் படைத்த பொரியை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். பொரி அத்தனை ருசியாக நான் சாப்பிட்டதே இல்லை.

விஜயதசமிக்கு மறுநாள் என் தீபாவளி மெயில் போனது. பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ்கள் திறந்ததும் பதில்கள் வரத் தொடங்கின. கேளம்பாக்கத்து மேடம் மாதிரிப் பைகூடக் கேட்காமல் ஆர்டரை உறுதி செய்தார். பாய் ஸ்கிரீனைப் பார்த்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், தோல் எடுக்க எப்போது போகலாம் என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரமே ஒரு மத்தியானம் போன். அந்த ஆள். நான் வெளியே வந்த பிறகு இதுதான் முதல் தடவை. குரலில் பழைய மிடுக்கு இல்லை. போன மெயிலுக்கு ஒரு பதில்கூட வரவில்லையாம். கம்பெனிகளுக்குப் போன் பண்ணினால் மெயிலே வரலையே என்கிறார்களாம். பழைய பாஸ்வேர்டு எதையாவது வைத்துக்கொண்டு நான்தான் ஏதோ செய்துவிட்டேனா என்று முதலில் அதட்டினார். பிறகு இறங்கி வந்தார். தீபாவளி நெருங்குகிறது, ஆள்களுக்கு வேலை கொடுக்க வேண்டும், வந்து ஒரு தடவை பார்த்துக் கொடும்மா என்றார்.

பாய் மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெயில் போய்ச் சேந்திருக்கு சார். ஸ்பேம் ஃபோல்டரைத் தொறந்து பாக்கச் சொல்லுங்க, அங்கதான் கெடக்கும். அந்த எடம் எனக்கு நல்லாத் தெரியும்."

அப்புறம், அதை எப்படி வெளியே எடுப்பது, என்ன செய்ய வேண்டும், அதையாவது சொல்லேன் என்று கேட்டார். மூன்று வரி. சொல்ல ஐந்து நிமிஷம்கூட ஆகாது.

"நல்ல நாள் பாத்து சொல்றேன் சார்" என்று போனை வைத்தேன்.