தாய்மாமன் இடம்

காரைக்குடியில் எந்தக் கல்யாண பேனரை வேண்டுமானாலும் அண்ணாந்து பாருங்கள். மேலே குலசாமி, நடுவில் பொண்ணு மாப்பிள்ளை, கீழே வரிசை வரிசையாகத் தலைகள். பார்த்தாலே முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. சுளிக்கட்டும், அவர்களுக்கு என்ன தெரியும்! யார் முகம் பெரிது, யார் பக்கத்தில் யார் இல்லை என்று பார்த்தால் போதும். அந்தக் குடும்பத்தில் யாருக்கு யாரோடு பேச்சுவார்த்தை கிடையாது என்று சொல்லிவிடலாம்.

இந்தப் பேனர்களில் பாதி மாயக்கண்ணன் செய்தவை. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் டிசைனர். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் ஆகாத ஆள். மஞ்சுவிரட்டு பேனர் என்றால் காளையின் கொம்பு ஊர்ப்பெயருக்கு மேலே நிற்கவேண்டும்; பங்காளிகளுக்குள் பகையென்றால் நடுவில் பொதுவான ஒரு பெரியவரை வைக்கவேண்டும். இதெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஊர்ச்சனத்தின் முகமெல்லாம் அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. அவன் முகம் மட்டும் இல்லை. தன் படத்தைத் தனக்கே யார் அனுப்பிக்கொள்வார்கள்?

அதுதான் அவனைக் கவிழ்த்தது. பத்து வருஷத்துக்கு முன்னால், காளையார்கோவிலில் அக்கா அழகியின் மகள் சத்தியப்பிரியா வயதுக்கு வந்து சடங்கு வைத்தார்கள். பேனரை அவனே ஆசை ஆசையாகச் செய்தான். அத்தை, சித்தப்பா, ஒன்றுவிட்ட பங்காளி என்று எல்லாரையும் வைத்தவன், தாய்மாமனை விட்டுவிட்டான். அதாவது, தன்னையே. சீர்த்தட்டோடு மண்டப வாசலுக்கு வந்த பிறகுதான் அண்ணாந்து பார்த்தான். அதற்குள் மச்சான் வீட்டார் ஆரம்பித்துவிட்டார்கள். "சீரு வந்துருச்சு, மாமன் மூஞ்சியத்தான் காணோம்!"

அழகியின் முகம் செத்துப்போயிற்று.

"ஊருக்கெல்லாம் மூஞ்சி வைக்கிறவனுக்கு, என் கூடப்பொறந்தவன்னு சொல்லிக்க வெக்கமா இருக்கோ?"

"மறந்துட்டேன்க்கா. சத்தியமா."

"தன்னையே மறக்குறவன் எந்த ஊர்லடா இருக்கான்?"

அன்றோடு பேச்சு நின்றது. தீபாவளிக்குப் போனால் கதவு திறக்கவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. அவனுக்கென்று இருந்தவள் அவள் ஒருத்திதான். ஓட்டலில் சாப்பிட்டு, வாடகை அறையில் படுத்து, அடுத்தவர் வீட்டு விசேஷங்களுக்கே உழைத்துக்கொண்டிருந்தான். பாவம், ஒரு பந்தியிலும் அவனை யாரும் தேடவில்லை.

போன ஆவணியில் சரவணகுமார் என்று ஒருவர் கடைக்கு வந்தார்.

"அண்ணே, என் தம்பிக்குக் கல்யாணம். பொண்ணு காளையார்கோவில், சத்தியப்பிரியான்னு பேரு. பொண்ணு வீட்டு ஆளுக படத்தையெல்லாம் அவுக அம்மாவே அனுப்பியிருக்காக. பாத்துப் போட்டுருங்க."

மாயக்கண்ணன் அவசரமாகக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். ஒவ்வொரு படமாகத் திறந்தான். என்றைக்கோ எடுத்த படம் ஒன்றாவது அக்காவிடம் இருக்கும், மகள் கல்யாணத்துக்காவது மனம் இறங்கியிருப்பாள் என்று நம்பினான். கடைசிப் படத்தில் பெரியப்பா மகன் முத்தரசு சிரித்துக்கொண்டிருந்தான். அடியில் அக்கா தட்டியிருந்தாள்: தாய்மாமன்.

அவனுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் ஓரத்தில், சின்னதாகத் தன்னையும் வைத்துவிட்டால் யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று ஒரு நப்பாசை. போனில் தன்னைத்தானே படம் எடுத்து, ஏற்றி, வைத்தும் பார்த்தான். பிறகு அழித்துவிட்டான். இன்னொரு தரம் அக்காவை மண்டப வாசலில் தலைகுனிய வைக்க அவனுக்கு மனசு வரவில்லை. முத்தரசுவின் முகத்தைப் பெரிதாக்கி, கன்னத்துத் தழும்பை மறைத்து, பெண்ணைப் பெற்றவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்தினான்.

முகூர்த்தத்தன்று காலையில் பஸ் ஏறிக் காளையார்கோவில் போனான். அழைக்காத வீட்டுக்குள் எப்படிப் போவது? மண்டபத்துக்கு எதிரே, ரோட்டோரம் நின்று பேனரையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே கெட்டிமேளம் கொட்டியது. வெற்றிலை போட வெளியே வந்த பெரியவர் ஒருவர் அவனிடம் வந்தார்.

"பொண்ணுக்கு நீக என்ன முறை வேணும்?"

"பேனர் அடிச்சது நான்தாங்கய்யா."

பெரியவர் பேனரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"அருமையாப் பண்ணிருக்கீக தம்பி. சொந்தத்துல ஒரு ஆளு விட்டுப்போகல."

"ஆமாங்கய்யா," என்றான் மாயக்கண்ணன். "இந்தத் தடவ பாத்துத்தான் போட்டேன்."