பயத்துக்கு என்ன பின்னுவது?

போன சனிக்கிழமை பட்டுக்கோட்டையிலிருந்து சம்பந்தி அம்மா வந்திருந்தார். என் மகள் பவித்ராவின் மாமியார். மகளும் மாப்பிள்ளையும் இருப்பது கனடாவில். மகளுக்கு இது ஏழாம் மாதம். உச்சி வெயிலில் பஸ் பிடித்து வந்தவர், ஃபேனுக்குக் கீழே உட்காரப் போன இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஓர் உல்லன் சமாசாரம் கிடந்தது... ஊசியோடு.

“இது என்னங்க சம்பந்தி?”

“அது... தண்ணி பாட்டிலுக்கு உறைங்க.”

கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். உள்ளே முஷ்டியை விட்டுப் பார்த்தார். என் பொய்யின் ஆயுள் அவ்வளவுதான்.

கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். தஞ்சாவூர் வெயிலில் உல்லன் நூலா என்று இந்தப் பத்தியைப் புதிதாகப் படிக்கிறவர்கள் கேட்பீர்கள். வழக்கமாகப் படிக்கிறவர்களுக்கு என் கிறுக்குத்தனம் தெரியும். கணவரின் வேலைக்காக வடக்கே பல வருடம் குடியிருந்தபோது, குளிர்கால வெயிலுக்கு மொட்டை மாடியில் உட்கார்ந்து பின்னும் பக்கத்து வீட்டுப் பெண்களிடமிருந்து தொற்றிக்கொண்டது. ஊர் திரும்பியும் விடவில்லை. இங்கே யாருக்கு ஸ்வெட்டர் வேண்டும்? ஊட்டிக்கு டூர் போகிறவர்களைத் தேடிப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு — எந்த நேரத்துக்கு எதைப் பின்னுவது? மூடுக்கு ஏற்ற வேலை அமையாவிட்டால் கையில் ஊசி நிற்காது. கும்பகோணம் பஸ்ஸில் போகிறேனா, மஃப்ளர். அது பாட்டுக்கு ஒரே மாதிரி போகும். பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் கணக்குத் தப்பாது. கல்யாண மண்டபம் என்றால் காலுறை. ஹேண்ட்பேக்கில் அடங்கும், ஊர் வம்பைக் கேட்கக் காதும் சும்மா இருக்கும். கணவர் மேல் கோபமா? முறுக்குப் பின்னல் போட்ட ஸ்வெட்டர். ஒரு கண்ணி தப்பினாலும் மொத்த டிசைனும் போய்விடும் என்பதால், பின்னி முடிப்பதற்குள் என்ன சண்டை என்பதே மறந்துவிடும். எங்கள் பீரோவில் முறுக்குப் பின்னல்தான் அதிகம். மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சந்தோஷம் என்றால் குட்டியாக எதையாவது. அப்படி ஆரம்பித்ததுதான் அந்த மஞ்சள் குல்லா.

சம்பந்தி அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலை. முகம் வெளுத்துப் போய்விட்டது.

“பொறக்கறதுக்கு முன்னாடி ஒரு துணிகூட எடுத்து வைக்கக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா சம்பந்தி?”

நம் பக்கத்தில் யாருக்குத் தெரியாது? பிள்ளை பிறந்த பிறகுதான் சட்டை, தொட்டில் எல்லாம். அதெல்லாம் வாங்கும்வரை பழைய வேட்டித் துணிதான். தெரிந்ததால்தானே பாட்டில் உறை என்று புளுகினேன்?

“அங்க ரொம்பக் குளிருங்க, அதான்...” என்று இழுத்தேன்.

“எங்க தென்னந்தோப்புல ஒரு வருஷம் நல்லாக் காய் புடிச்சிருந்துச்சு. குரும்பையா இருக்கறப்பவே, இத வித்து மாடி எடுத்துடலாம்னு எங்க வீட்டுக்காரரு செங்கல் கொண்டாந்து எறக்கிட்டாரு. கார்த்திகையில புயல் அடிச்சுது. ஒரு மரம் நிக்கல. செங்கல் மட்டும் அப்படியே கெடந்துச்சு. வேணாம் சம்பந்தி. பிரிச்சிடுங்க.”

அவர் கண் முன்னாலேயே ஊசியை உருவிவிட்டு, நூலைப் பிடித்து இழுத்தேன். மூன்று நாள் வேலை, நிமிஷத்தில் பிரிந்து மடியில் விழுந்தது.

மறுநாள் காலை மாப்பிள்ளையிடமிருந்து போன். பவித்ராவுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். கால் வீங்கியிருக்கிறது, பார்வை மங்கலாகத் தெரிகிறதாம்.

எனக்கு முதலில் வந்த நினைப்பு என்ன தெரியுமா? பின்னியதால் இப்படி ஆனதா... இல்லை, பிரித்ததால் ஆனதா?

“பிரஷருக்கும் உல்லன் நூலுக்கும் என்னடி சம்பந்தம்? நீ படிச்சவதானே?” என்றார் கணவர்.

படித்தவள்தான். வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்கிறவள்தான். அதற்காக, படித்தவள் வீடு என்று பார்த்துப் பயம் வாசலோடு திரும்பிப் போய்விடுகிறதா என்ன?

ஒன்பதாம் மாதத்துக்கு எடுத்து வைத்திருந்த டிக்கெட்டை இந்தச் சனிக்கிழமைக்கு மாற்றினோம். அதுவரை என்ன செய்வது? மஃப்ளரை எடுத்தேன். கை தானாக ஓடியது. அதனாலேயே மனசு கனடாவுக்கு ஓடியது. முறுக்குப் பின்னலில் ஒரு வரிசைகூட உருப்படியாக வரவில்லை. காலுறை... அதை ஊசியில் பார்த்ததும் குழந்தைக் கால் ஞாபகம் வந்து, பைக்குள் திணித்துவிட்டேன். போன் அடித்தால் பயம். அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். இத்தனை வருடப் பின்னலில் பயத்துக்கென்று ஒரு வேலையை நான் யோசித்து வைத்திருக்கவே இல்லை.

அன்று சாயங்காலம் சம்பந்தி அம்மா போன் செய்தார்.

“நான்தான் சம்பந்தி பிரிக்கச் சொன்னேன். உருவாகிட்டு இருந்தத ஒங்க கையாலயே பிரிக்க வச்சிட்டேன். அதனாலதான்...”

“அய்யோ, நீங்க என்ன பண்ணுவீங்க? பின்ன ஆரம்பிச்சது நான்தானே?”

“இல்லங்க. நான் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கணும்.”

பட்டுக்கோட்டையில் ஒருத்தி, தஞ்சாவூரில் ஒருத்தி. குற்றம் யாருடையது என்று போட்டி போட்டுக்கொண்டிருந்தோம். வேறு ஒரு வாரமாக இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு நகைச்சுவைப் பத்தி எழுதியிருப்பேன்.

அடுத்த நாள் காலையிலேயே வந்து நின்றார். செருப்பைக் கழற்றும்போதே, “அந்த நூலு இருக்கா?” என்றார். இருந்தது. பிரித்த நூல், சுருட்டை சுருட்டையாக. தன் இரண்டு முன்கைகளிலும் அதை மாட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நான் உருண்டையாகச் சுற்றினேன். சுற்றி முடித்தும் ஊசியை எடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. எடுங்கள் என்று சொல்ல அவருக்கும் வரவில்லை. நடுவில் உருண்டையை வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் பவித்ரா வீடியோ காலில் வந்தாள். முகம் வீங்கி, வேறு யாரோ மாதிரி இருந்தாள்.

“அம்மா, பயப்படாம கேளு. அத்தை, நீங்களும்தான். பிரஷர் எறங்கவே மாட்டேங்குது. இந்த வாரக் கடைசியில ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ரொம்பச் சின்னதா இருக்குமாம். கண்ணாடிப் பெட்டியில வச்சுப் பாத்துப்பாங்களாம்.”

சம்பந்தி அம்மா போனுக்கு இன்னும் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்.

“வரும்போது ஒரு குல்லா பின்னிக் கொண்டு வாம்மா. ஆஸ்பத்திரியிலயே குடுப்பாங்க... ஆனா எனக்கு நீ பின்னினதுதான் போடணும்.”

“என்ன அளவுடா?” என்று கேட்டேன். பின்னுகிறவளுக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

“தல ஒரு பெரிய சாத்துக்குடி அளவு இருக்கும்னாங்க” என்றாள். அதுவரை திடமாகப் பேசியவளின் குரல் அந்த இடத்தில் உடைந்தது. நர்ஸ் வந்துவிட்டார், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

சாத்துக்குடி. என் உள்ளங்கையை விரித்து அந்த அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவுதானா? இவ்வளவு சின்னதுக்குள் மூச்சு எப்படி நிற்கும்? இதை எழுதும்போதும் அந்தப் பயம் போகவில்லை. போனதாகச் சொன்னால் அது பாட்டில் உறையைவிடப் பெரிய பொய்.

சம்பந்தி அம்மா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். நூலுருண்டையை எடுத்து என் மடியில் வைத்தார்.

“ரெண்டாப் பின்னுங்க சம்பந்தி.”

“ரெண்டா?”

“ஒண்ணு இப்பப் போட. இன்னொண்ணு அடுத்த வருஷக் குளிருக்கு. நல்லாப் பெருசா... நடந்து ஓடுற புள்ளைக்குப் போடற மாதிரி.”

பெரியதைத்தான் முதலில் ஆரம்பித்தேன்.