“எனக்கெண்டு சொல்லு” என்று அம்மா வாங்க அனுப்பிய குளிசை

இன்று பாமசியில் வைத்து எங்கள் வீட்டு இரகசியத்தை நானே கப்பலேற்றினேன்.

வேறு வழி இருக்கவில்லை, கேளுங்கள்!

அக்காவுக்கு இது மூன்றாம் மாதம். இந்த விடயம் வீட்டாருக்கும் கடவுளுக்கும் மட்டும்தான் தெரியும். (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அம்மாவிடம் கேட்கவில்லை. அம்மா முகநூலில் இல்லை!)

போன வருடம் எல்லோருக்கும் சொன்னோம். பிள்ளை தங்கவில்லை. அது கண்ணூறு என்பது அம்மாவின் தீர்ப்பு. அதனால் இம்முறை ஐந்தாம் மாதம் வரை யாரும் வாய் திறக்கக் கூடாது.

கிளினிக்கில் பதியவும் கூடாதாம்! பதிந்தால் வீடு தேடி வரும் மருத்துவமாதுவின் ஸ்கூட்டி எங்கள் வாசலில் நின்றால் ஒழுங்கை முழுவதும் தெரிந்துவிடுமாம்.

நேற்றிலிருந்து அக்காவுக்கு நாரி நோ, இடுப்பின் பின்பக்கம் முழுவதும். இருக்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. அம்மா தன் முழங்கால் நோவுக்குப் போடும் குளிசையில் மிஞ்சியிருந்த ஒன்றை அவளுக்குக் கொடுத்துவிட்டார். இன்று நான் பள்ளிக்கூடத்தால் வந்ததும் குளிசை முடிந்த வெறும் மட்டையை என் கையில் திணித்தார்.

“உதைக் காட்டி ஒரு மட்டை வாங்கிக்கொண்டு வா. ஆருக்கெண்டு கேட்டா எனக்கெண்டு சொல்லு.”

“அம்மா, வயித்திலை பிள்ளை இருக்கேக்கை உது போடலாமோ?”

“நோக் குளிசை நோவைத்தான் மாத்தும். நாலு புத்தகம் படிச்சுப்போட்டு எனக்குப் பாடம் எடுக்காதை!”

(நாலு அல்ல அம்மா. உயிரியல் மட்டுமே அதைவிடக் கூட.)

பருத்தித்துறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துப் பாமசி. மருந்து கொடுக்கும் அண்ணை மட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

“ஆருக்கு தங்கச்சி?”

“அம்மாவுக்கு.”

“அல்சர் ஏதும் இருக்கோ? பிரசர்?”

“இல்லை அண்ணை.”

எல்லாப் பதிலும் சரி. ஆள்தான் பிழை!

அவர் குளிசையைக் கடித உறையில் போடும்போது, எனக்கு மனம் கேட்கவில்லை.

“அண்ணை, பெட்டிக்குள்ளை இருக்கிற தாளை ஒருக்கால் தாறியளே?”

“மருந்து வாங்க வந்தனீரோ, படிக்க வந்தனீரோ?”

ஆனாலும் தந்தார். எறும்பு எழுத்து. கர்ப்பம் என்ற பகுதியைக் கண்டுபிடித்து வாசித்தேன். வைத்தியர் சொல்லாமல் எடுக்கக் கூடாது என்று தெளிவாகவே போட்டிருந்தது.

திரும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் பவளம் மாமி! எங்கள் ஒழுங்கையின் செய்திச் சேவை. (இருபத்து நான்கு மணிநேரமும், விளம்பர இடைவேளை இல்லாமல்.)

குரலைத் தாழ்த்தினேன். “அண்ணை, பொது அறிவுக்குக் கேக்கிறன். உதை ஒரு பிள்ளைத்தாச்சி போட்டா...?”

“ஆர் பிள்ளைத்தாச்சி?”

“ஒருத்தருமில்லை.”

“ஒருத்தருமில்லாட்டி ஏன் பிள்ளை உந்த முழி முழிக்கிறீர்?”

மாமி ஓரடி முன்னால் வந்தார்.

போன வருடம் ஆஸ்பத்திரியால் வந்த அக்கா, சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தது நினைவுக்கு வந்தது. அம்மா ஏசினால் ஏசட்டும்!

“என்ரை அக்கா அண்ணை. மூண்டு மாசம். நேற்று உதிலை ஒண்டு போட்டிட்டா.”

பின்னால் “ஆ!” என்று ஒரு சத்தம்.

அண்ணை உறையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “முதலே சொல்ல மாட்டீரோ! அம்மாவுக்கெண்டா நான் அம்மாவுக்கு ஏத்ததைத்தானே தருவன்?”

“அக்காவுக்கு ஏதும் நடக்குமோ அண்ணை?”

“ஒண்டு போட்டதுக்குப் பதறாதையும். ஆனா இனி வேண்டாம், டொக்டரிட்டையும் சொல்லோணும். பிள்ளைத்தாச்சியளுக்கு நோவெண்டா வழமையா பரசிற்றமோல்தான். அதுவும் அளவா, தேவைக்கு மட்டும். அதுக்கு முதல் ஏன் நோகுதெண்டு பாக்க வேண்டாமோ? காய்ச்சல் இருக்கோ? ரத்தம் படுதோ? வயித்தைப் பிடிச்சு இழுக்குதோ? சலம் போகேக்கை எரியுதோ?”

எனக்கு ஒன்றும் தெரியாது. ஏனென்றால் எங்கள் வீட்டில் அக்காவிடம் யாருமே கேட்கவில்லை!

“போய்க் கேளும். ஒண்டெண்டாலும் இருந்தா குளிசை தேடாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ.”

வெறுங்கையோடு வீட்டுக்கு ஓடிவந்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அக்கா தலையைக் குனிந்தாள்.

“ஓம். ரண்டு நாளா எரியுது.”

“ஏன் சொல்லேல்லை?”

“ஆரிட்டைச் சொல்லுறது? ஆஸ்பத்திரிப் பேச்சே எடுக்கக் கூடாதெண்டல்லோ இருக்கு.”

அம்மாவுக்கு வேறு கவலை. “பவளத்துக்கு முன்னாலையோ சொன்னனி? ஊருக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டிப்போட்டு வந்து நிக்கிறாய்!”

அக்கா நாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “அம்மா, போனமுறை கண்ணூறோ என்னவோ எனக்குத் தெரியாது. இந்தமுறை நான் டொக்டரைப் பாக்கோணும்.”

அம்மா சீலை மாற்றப் போனார்.

ஆஸ்பத்திரியில் சலத்தைச் சோதித்தார்கள். சிறுநீரில் கிருமித் தொற்று.

“நோவை மட்டும் அமத்திக்கொண்டு வீட்டிலை இருந்திருந்தா கிருமி சிறுநீரகம் வரைக்கும் ஏறியிருக்கலாம்” என்றார் டொக்டர். கர்ப்ப காலத்துக்கு ஏற்ற மருந்தும் நோவுக்குப் பரசிற்றமோலும் எழுதினார். ஸ்கேன் திரையைத் திருப்பி, “இதயம் துடிக்குது, பாருங்கோ” என்றார்.

அக்கா பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

திரும்பி வரும்போது பவளம் மாமி தன் வீட்டுப் படலையில் நின்றார்.

“என்ன, எல்லாருமாய் எங்கை போட்டு வாறியள்?” (ஒன்றும் தெரியாதவராம்!)

அம்மா மூச்சை இழுத்து விட்டார். “மூத்தவள் பிள்ளைத்தாச்சி. டொக்டரிட்டைக் காட்டிக்கொண்டு வாறம்.”

“ஓ, அப்பிடியே!” என்றார் மாமி. அந்த நடிப்புக்கு ஒரு விருது கொடுக்கலாம்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா அக்காவைக் கதிரையில் இருத்தினார். குசினிக்குள் போய்ச் செத்தல் மிளகாயும் உப்பும் அள்ளிக்கொண்டு வந்தார்.

“எல்லாம் உன்ரை வாயாலை வந்தது. இப்ப சுத்திப் போட வேண்டிக் கிடக்கு!” என்று என்னை முறைத்தார்.

“சுத்துங்கோ அம்மா, வடிவாச் சுத்துங்கோ. பிள்ளைத்தாச்சிக்கு உதாலை ஒரு பக்கவிளைவும் இல்லை!”