சரோஜாவுக்கு மதுரைக்கு மாறுதல்

கீரனூர் பிரகதாம்பாளுக்கு நாற்பத்தாறு வயது. திருச்சி ஜவுளிக்கடை ஒன்றில் பதினெட்டு வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறாள். போன வருடம் அதே ஊர் சந்தோஷ்குமார், காலை ஏழு நாற்பது பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்களை வைத்து ஒரு தொடர் எடுத்தான். கேபிள் டிவியிலும் யூடியூபிலும் ஓடியது. அதில் மூன்றாவது சீட்டு சரோஜாவாக வந்தது இவள்தான். தொடரிலும் சேலைக்கடை வேலைதான். கதாநாயகி இலக்கியா களமாவூரில் ஏறும்வரை பக்கத்து இடத்தில் சாப்பாட்டுப் பையை வைத்துக் காப்பாள். உட்கார வருகிறவனை "ஆள் வருது" என்று நிமிர்ந்தும் பார்க்காமல் விரட்டுவாள்.

அது ஊரெல்லாம் பரவிவிட்டது. சேலை எடுக்க வந்தவர்கள் "சரோஜாக்கா, ஒரு போட்டோ" என்று பக்கத்தில் வந்து நின்றார்கள். பதினெட்டு வருடத்தில் வாடிக்கையாளர்கள் அவளைப் பெயர் வைத்துக் கூப்பிட்டது அப்போதுதான். சொந்தப் பெயர் இல்லைதான், ஆனாலும் அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனமில்லை.

இரண்டாவது சீசன் கதை தயார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தோஷ்குமார் எல்லோரையும் தன் வீட்டு மாடிக்கு வரச்சொன்னான். கதையில், டீக்கடைக்காரராக நடித்தவரைச் சிங்கப்பூர் அனுப்பியிருந்தான். பூக்காரம்மாவைச் சுவரில் மாட்டியிருந்தான். அந்தம்மா, போட்டோவுக்கு என்ன பூவில் மாலை என்று மட்டும் விசாரித்தார். பிரகதாம்பாளுக்குக் கண்டக்டர் பேசும் ஒரே வரிதான் மிச்சம்: "சரோஜாக்காவுக்கு மதுரைக்கு மாறுதலாயிருச்சு."

"ஏன் தம்பி, சேலைக்கடையில நிக்கிறவளுக்கு எந்தக் கலெக்டர் மாறுதல் போட்டாரு?"

சந்தோஷ்குமார் தலையைச் சொறிந்தான். "இலக்கியாவுக்குக் கல்யாணம் ஆயிருச்சுல்லக்கா. இனிமே கதை வீட்டுக்குள்ள போவுது."

"கல்யாணம் ஆனா வேலைக்குப் போவ மாட்டாளா?"

"போவா."

"எதுல?"

"பஸ்ஸுலதான்."

"அவளுக்கு யாரு எடம் போடுறது? பத்தாம் பக்கத்துல சீட்டுல சாஞ்சு அழுவுறான்னு எழுதியிருக்க. ஏழு நாப்பதுல களமாவூர்ல ஏறுறவளுக்கு ஏது சீட்டு? டிரைவர் மடியில ஒக்காந்து அழுவாளா?"

முதலில் சிரித்தது இலக்கியாவாக நடித்த பெண்தான். "யோசிச்சுட்டு வாரேங்க்கா" என்று தாள்களை மடித்துக்கொண்டான் சந்தோஷ்குமார்.

"ஒரு வருஷம் நடிச்சாச்சுல்ல, விட்டுத் தொலையேன்" என்றான் வீட்டில் கணவன் சேவுகன். "நீங்க சும்மா இருங்க" என்று தோசையைத் திருப்பினாள்.

புதன்கிழமை காலை, நிஜமான ஏழு நாற்பதிலேயே ஏறிவிட்டான் சந்தோஷ்குமார். கையில் எட்டுப் பக்கம் புதிதாக இருந்தது. சரோஜாவுக்கு ஒரு குடிகாரப் புருஷன், செத்துப்போன பிள்ளை, மழையில் ஓர் ஓட்டம். "அக்கா, இதுல நீங்க அழுதா சனமே அழுவும்."

பிரகதாம்பாள் களமாவூர் தாண்டும்வரை பொறுமையாகப் படித்தாள்.

"இவ யாரு?"

"நீங்கதாங்க்கா."

"நான் இல்ல. இம்புட்டு அழுவுறவ ஏறுறவன் எறங்குறவனையெல்லாம் வெரட்டுவாளா? பாவம்னு பாக்குறதுக்கா என்கூடப் போட்டோ எடுத்தாக?"

பிரித்துக் காட்டிய சேலை பிடிக்கவில்லை என்றால் அடுத்து எதை எடுத்துப் போடுவது என்பது அவளுக்குக் கைப்பழக்கம்.

"சரோஜா தபால்ல பி.ஏ. படிக்கிறா. பஸ்ஸுலதான் அவளுக்கு நேரம். பரீட்சை வருது. ஒருத்தன் வந்து 'ஆள் வருதா'ங்குறான். 'இல்ல, ஒக்காருங்க'ங்குறா."

"அய்யய்யோ! அப்ப இலக்கியா?"

"ஏறி வந்து பாப்பா. எடம் இருக்காது."

"சண்டை வருமே?"

"வரட்டும். ஒரு வருஷமா எடம் போட்டவளுக்கு ஒருநாள் முடியலன்னா இலக்கியா என்ன பேச்சு பேசுறான்னு பாப்போம். சரோஜாவும் சும்மா இருக்க மாட்டா."

"பத்தாம் பக்கத்து அழுகை?"

"நின்னுக்கிட்டே அழட்டும்."

மாத்தூரில் சந்தோஷ்குமார் எட்டுப் பக்கத்தையும் வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் திணித்தான். பிறகு, "பத்து எபிசோட்ல ஆறுல நீங்க வரணும்க்கா" என்றான். "அடுத்த மாசமே ஷூட்டிங்."

"அடுத்த மாசம் ஆடித் தள்ளுபடி. எனக்கு லீவு கெடையாது. ஆவணியில வச்சுக்க."

"உங்க ஒருத்தருக்காக யூனிட்டே காத்திருக்கணுமாக்கா?"

"ஆமா" என்றாள் பிரகதாம்பாள்.

திருச்சியில் இறங்கி அவள் கடைப்பக்கம் நடந்தாள். சந்தோஷ்குமார் அங்கேயே நின்று, போனில் கேமராமேனைக் கூப்பிட்டு ஆவணிக்குத் தேதி கேட்டான்.