முதல் வார்த்தை எனக்கு விழுந்தது

எனக்கு வாய் நீளம். அதை நான் மறைத்ததே இல்லை. தொண்ணூறுகளில் ஆயர் குரோவில் எனக்குத் தொழிற்சாலை வேலை. ஞாயிறானால் ஜாசின் பக்கத்து எஸ்டேட்டில் இருந்த எங்கள் சின்னச் சபையில் ஞாயிறு பள்ளி ஆசிரியை. செம்பனைக் காட்டு வேலைக்காரர்களின் பிள்ளைகள் பதினான்கு பேர். அவர்களுக்குப் பாட்டும் வேதமும் சொல்லிக் கொடுத்த அந்த ஒரு மணி நேரம்தான் வாரத்தில் நான் ஒழுங்கான மனுஷியாக இருந்த நேரம்.

ஒரு சனிக்கிழமை ஜாசின் பசாரில் மீன்காரன் அழுகின கெம்போங் மீனை என் பையில் தள்ளிவிட்டான். சும்மா விடுவேனா? அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். அது எங்கள் சபைச் செயலாளரின் காதுக்குப் போய்விட்டது. மறுநாள் அறிவிப்பு நேரத்தில் அவர் எழுந்தார்.

"பசார்ல நின்னு கெட்ட வார்த்தை பேசுற வாயி பிள்ளைங்களுக்கு வேதம் சொல்லித் தரக்கூடாது. சிஸ்டர் இனிமே வகுப்பு எடுக்க மாட்டாங்க."

பிள்ளைகளும் உட்கார்ந்து கேட்டார்கள். இந்த ஆளை மண்ணைக் கவ்வ வைக்காமல் விடுவதில்லை என்று அங்கேயே முடிவு கட்டினேன். ஜெபத்தில்கூட, "ஆண்டவரே, இவரு மூக்கை உடைக்க ஒரு வழி காட்டும்" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

இரண்டு வாரத்தில் வழி கிடைத்தது. எஸ்டேட் முனையில் ஒரு லாரி கவிழ்ந்தது. எங்கள் ஊரில் வண்டி கவிழ்ந்தால் முதலில் அதன் நம்பரைத்தான் பார்ப்பார்கள். பார்த்த கையோடு நம்பர் கடைக்குப் போய் அந்த நம்பர்மேல் பந்தயம் கட்டுவார்கள். ஜாசின் நம்பர் கடை வரிசையில் செயலாளர் நின்றுகொண்டிருந்தார். சூதாட்டம் பிசாசின் வேலை என்று மாதம் தவறாமல் எங்களுக்குச் சொல்கிறவர்! நான் அவருக்கு நான்கு ஆள் பின்னால் நின்றேன். ஆமாம், நானும் அதே லாரி நம்பருக்காகத்தான் போயிருந்தேன். அவர் திரும்புவதற்குள் குடையை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஏழு சபையார் ஆளுக்குப் பத்து நிமிடம் பேசுவது எங்கள் வழக்கம். யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்குவார்கள். போதகர் என் பெயரையும் சேர்த்தார். செயலாளர் முகம் சுளித்தபோது, "சீட்டைக் கர்த்தர் பாத்துக்குவாரு, பிரதர்" என்று சொல்லிவிட்டார். எனக்கு முதல் வார்த்தை விழுந்தது. தம்மை ஆணியடித்தவர்களை மன்னிக்கும்படி பிதாவிடம் கேட்ட வார்த்தை.

வீட்டுக்கு வந்து தனியாகச் சிரித்தேன். எனக்கு வேண்டியது மைக்கும் பத்து நிமிடமும்தான்.

அன்று வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு மேடை ஏறினேன். முன் வரிசையில் செயலாளர். ஒன்பது நிமிடம் மன்னிப்பைப் பற்றி நன்றாகவே பேசினேன். ஒன்றிரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். பிறகு அவரை நேராகப் பார்த்தேன்.

"ஆனா சில பேருக்கு ஊருக்குத்தான் உபதேசம். நம்ம செயலாளரு நம்பர் கடையில நின்னதை இந்தக் கண்ணால பாத்தேன்."

அவர் முகம் வெளுத்தது. எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. அந்த இனிப்பு அடங்குவதற்குள் பின் பெஞ்சிலிருந்து ஓர் ஆண்ட்டியின் குரல் வந்தது.

"நீ அங்க என்னா செஞ்சே?"

பஸ்ஸுக்கு நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. பெரிய வெள்ளியன்று சிலுவையின் கீழே நின்றுகொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"நானும் நம்பர் எடுக்கத்தான் ஆண்ட்டி. கவுந்த லாரி நம்பரு."

யாரோ சிரித்தார்கள். நான் இறங்கி வந்துவிட்டேன். மீதி ஆறு வார்த்தைகளும் என் காதில் விழவில்லை.

ஆராதனை முடிந்ததும் செயலாளர் வாசலில் என்னிடம் வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

"என்னைச் சொன்னது சரிதாம்மா. உன்னை ஏன் நீயே காட்டிக் கொடுத்தே? குடைக்குள்ள நின்னது நீதான்னு அன்னிக்கே எனக்குத் தெரியும் லா. வகுப்பை நிறுத்தினதே உனக்குப் பெரிய அடி, இதையும் சொன்னா நீ சபைக்கே வரமாட்டேன்னு விட்டுட்டேன். ஈஸ்டர் முடிஞ்சதும் வகுப்பை நீயே எடு. பிள்ளைங்க உன்னைத்தான் கேக்குதுங்க."

வகுப்பை எடுத்தேன். அதன் பிறகு எத்தனையோ வருடம் எடுத்தேன். தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவர் என்னைச் சொல்லாமல் விட்டார் என்று நம்பவும் அத்தனை வருடம் முயன்று பார்த்தேன். அது அப்படி இல்லையென்றால், அந்த வெள்ளிக்கிழமை மன்னிப்பைப் பற்றி மேடையில் பேசியது மட்டும்தான் நான், மன்னித்தவர் அவர்.